கறுப்புக் காரில் கேட்ட சத்தம்

நம் வயசு ஆட்களுக்கு நினைவிருக்கும். கோமுகி அணை கட்டிக்கொண்டிருந்த காலம். கள்ளக்குறிச்சியில் கார் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா.

கார் அவருடையது இல்லை. ரைஸ் மில் முதலாளியுடையது. கறுப்பு நிறம். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வண்டி என்பார்கள். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். மழை நாளில் அதற்கும் கிளம்பாது. கதவைத் திறந்தால் தோல் சீட்டின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து வரும். அதற்காகவே நான் போய் உட்காருவேன். அப்பா திட்ட மாட்டார். காலைத் துடைத்துக்கொண்டு ஏறு என்பார். அவ்வளவுதான்.

நாங்கள் இருந்தது மில்லுக்குப் பின்னால், கார் கொட்டகையை ஒட்டிய ஓர் அறை. காருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தட்டி. எந்நேரமும் நெல் அவிக்கும் வாசனை.

அம்மா மலைரோட்டு வேலைக்குப் போனாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற ரோடு அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜல்லி சுமப்பாள். விடிந்ததும் லாரி வந்து ஏற்றிப் போகும். பொழுது சாயும்போது இறக்கிவிடும். சும்மாடு வைக்கிற இடத்தில் அவளுக்கு முடி தேய்ந்து போயிருந்தது.

முதலாளி மலையில் புளியும் கடுக்காயும் ஏலம் எடுத்திருந்தார். வாரத்தில் இரண்டு தரமாவது அதைப் பார்க்கப் போவார். போட்டும் போடாததுமாகக் கிடந்த அந்த ரோட்டில் அப்பாதான் அவரை வைத்து ஓட்டிக்கொண்டு போனார்.

சித்திரை மாதம். முதலாளியைச் சின்னசேலம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன் சீட்டில். ஒரு மாட்டு வண்டிக்காக அப்பா வேகத்தைக் குறைத்தார். அப்போது கேட்டது. கடகடகட. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினால் வருமே, அந்த மாதிரி.

அப்பா ஓரமாக நிறுத்தினார். பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஸ்பேனரின் ஒரு முனையை எஞ்சின் மேல் வைத்து, மறு முனையைப் பல்லில் கடித்தார். அது அவர் பழக்கம். காதில் கேட்டால் வெளிச் சத்தமும் கலந்து கேட்கும், பல்லில் வருவது எஞ்சின் சத்தம் மட்டும்தான் என்பார். கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எச்சில் ஒழுகியது. துடைக்கவில்லை.

"இன்னாப்பா அது?"

"தெரில."

வண்டி விஷயத்தில் அப்பா அப்படிச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வரும் வழியில் வேகமாக ஓட்டிப் பார்த்தார். மெதுவாக ஓட்டிப் பார்த்தார். வேகமாகப் போனால் சத்தம் அடங்கியது. நிறுத்த வரும்போது கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு அப்பா ஏன் அப்படிப் பயந்தார் என்று சொல்லிவிடுகிறேன். முதலாளி மாசம் ஒரு டின் எஞ்சின் ஆயில் வாங்கித் தருவார். இரண்டு மாசமாக டின் சீக்கிரம் தீர்ந்தது. பழைய வண்டி, ஆயில் குடிக்கும். அப்பா அதைச் சொன்னார். முதலாளி உம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் மில்லில் வேறு மாதிரி பேச்சு ஓடியது. டிரைவர் ஆயிலை ஊற்றாமல் வெளியில் விற்கிறார் என்று.

மறுநாள், ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பியிருந்த முதலாளி வந்து ஏறினார். வண்டி மில் கேட்டைத் தாண்டவில்லை. சத்தம் கேட்டு இறங்கிவிட்டார்.

"எங்கடா வித்த?"

"விக்கலீங்க."

"ஆயில் ஊத்தியிருந்தா எஞ்சின் ஏன்டா கத்துது?"

"எஞ்சின் சத்தம் மாதிரி தெரியலீங்க."

"நீ சொல்லாத. உளுந்தூர்பேட்டையிலருந்து ஆள் வருவான், அவன் சொல்வான். ஆயில் இல்லாத பேரிங்கு தேஞ்சி போயிருந்துச்சின்னு வையி, மொதல்ல போலீஸ் ஸ்டேஷன். அப்பறம் பொண்டாட்டி புள்ளையோட சாமானத் தூக்கிக்கினு போயிக்கினே இரு."

களத்தில் காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். முதலாளி உள்ளே போனதும் ஒருத்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏ டிரைவர் மவளே, உங்கப்பன் விக்கற ஆயிலுல எங்க தலைக்கு ரெண்டு சொட்டு குடுக்கக் கூடாதா? காஞ்சி கெடக்குது பாரு."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மெக்கானிக் மறுநாள் மத்தியானம் வந்தார். டிரங்க் ரோட்டில் லாரி பழுது பார்க்கிறவர். காக்கி அரைக்கால் சட்டை, வாய் நிறைய வெற்றிலை. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி அதன் கட்டையில் காதை வைத்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

"பேரிங்கு தாங்க. ஆயில் இல்லாத ஓடியிருக்கு."

முதலாளி அப்பாவைப் பார்த்தார். அப்பா மெக்கானிக்கைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒவ்வொரு பிளக்கு ஒயரா கழட்டிப் பாத்தேன். பேரிங்குன்னா அந்த எடத்து ஒயரக் கழட்டறப்ப சத்தம் கம்மியாவணும். ஆவல. நாலுலயும் ஒரே மாதிரி கேக்குது."

"டிரைவரே, நான் லாரி எஞ்சின் பிரிக்கறப்ப நீ எங்கயோ ஏர் ஓட்டிக்கினு இருந்திருப்ப."

"வேகமா போனா அடங்குது. பேரிங்கு சத்தம் வேகத்துல ஜாஸ்தி ஆவணும் இல்ல?"

மெக்கானிக் வெற்றிலையைத் துப்பினார். "காலையில பிரிக்கறேன். கண்ணால பாத்துக்க."

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா காரின் மிதிபடியில் உட்கார்ந்திருந்தார். பீடி கையிலேயே அணைந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்றேன். அவர் என்னிடம் பேசவில்லை. வாய்விட்டுக் கணக்குப் போடுவது போலப் பேசினார்.

"பிரிச்சா தேஞ்சுதான் இருக்கும். இருவது வருசத்து வண்டி, தேயாத எங்க போவும்? அந்தத் தேஞ்ச பேரிங்க எடுத்து முதலாளி கையில குடுப்பான். அதோட முடிஞ்சிது."

கொஞ்சம் கழித்து, "எதோ உள்ள விழுந்து சுத்துது. எஞ்சின நிறுத்தினப்பறமும் ரெண்டு சுத்து கேக்குது" என்றார்.

அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ எதுனா போட்டியா? கழற்சிக்கா, கோலி?"

"நான் போடல."

"அடிக்க மாட்டேன். சொல்லு."

"நான் போடல."

"வண்டியில ஏறி வெளையாடறது நீ ஒருத்திதான்."

அப்பா என்னை நம்பவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்று அம்மா என் வாயைப் பொத்திச் சொல்லியிருந்தாள்.

"அம்மா தான் வச்சிது" என்றேன்.

நான் பார்த்தது இதுதான். மாசி மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். லாரி வருவதற்கு முன்னால் அம்மா பானெட்டைத் தூக்கினாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள இரும்புத் தகட்டு விளிம்பில் வைத்துக் கும்பிட்டாள். பின்னால் நான் நின்றதை அப்புறம்தான் பார்த்தாள். வேண்டுதல் காசு நம் எல்லார் வீட்டிலும் முடிந்து வைத்திருப்பார்கள். சாமி படத்துக்குப் பின்னாலோ அரிசிப் பானையிலோ இருக்கும். வண்டிக்கான வேண்டுதலை வண்டியில்தான் வைக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

அப்பா எழுந்தார். பானெட்டைத் தூக்கி, அரிக்கேனைக் கொண்டுவரச் சொன்னார். நான் சொன்ன விளிம்பில் விரலால் தடவினார். மஞ்சள் கறை இருந்தது. கருகிய நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. காசு இல்லை. சூட்டில் துணி கருகி முடிச்சு விட்டுப்போயிருக்கிறது.

விளிம்புக்கு நேர் கீழே கிளச்சுக் கூடு. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற இரும்புக் கூடு அது. அதன் உள்ளே கனமான சக்கரம் ஒன்று எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். கூட்டின் மேல் ஒரு சந்து. அதை மூடியிருந்த தோல் கிழிந்திருந்தது. அப்பா விரலை விட்டுப் பார்த்தார். எட்டவில்லை.

"இதுக்குள்ளயும் விழுந்திருக்கலாம்" என்றார். "ரோட்டுலயும் விழுந்திருக்கலாம்."

"அம்மாகிட்ட கேக்கட்டுமா?"

"வேணாம்."

"முதலாளிகிட்ட சொல்லலாம் இல்லப்பா?"

"உங்கம்மாவ அந்த ஆளு முன்னால நிக்க வைக்கணுமா?"

லாரி வந்து நின்றது. அம்மா இறங்கி வந்தாள். கால் முழுக்கக் கல்தூள், வெள்ளையாக. மெக்கானிக் சொன்னது அவள் காதுக்கு எப்படியோ வந்திருந்தது. அப்பா முகத்தையே பார்த்தாள். அப்பா காசைப் பற்றிக் கேட்கவில்லை. களி கிண்டினாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் மெக்கானிக் ஜாக்கியும் செயினும் கொண்டுவந்தார். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரைக் கைவேலைக்கு நிறுத்தியிருந்தார்கள். அம்மா அன்றைக்கு லாரியில் ஏறவில்லை. தட்டிக்குப் பின்னால் நின்றாள்.

மெக்கானிக் எஞ்சின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அப்பா முன்னால் வந்து நின்றார்.

"எஞ்சின அப்பறம் பிரிங்க. மொதல்ல கியர் பாக்ஸ எறக்கி கிளச்சுக் கூட்டப் பாருங்க."

"எதுக்கு?"

"உள்ள எதோ கெடக்குது."

"இன்னா கெடக்குது?"

"தெரியாது."

"தெரியாததுக்கு அர நாள் வேல செய்யணுமா நானு?" மெக்கானிக் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "டிரைவருக்கு ஜோசியமும் வரும் போலருக்கு."

"டேய், நவுரு" என்றார் முதலாளி.

அப்பா நகரவில்லை. "அதுல ஒண்ணும் இல்லன்னா ஆயில் வித்தவன் நான்தான். எழுதிக்கினு வாங்க. இங்கியே கையெழுத்துப் போடறேன். போலீசுக்கு நீங்க அலைய வேணாம்."

களத்தில் நெல் கிளறுகிற சத்தம் நின்றது.

நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வைத்ததைத்தான் நான் பார்த்தேன். விழுந்ததைப் பார்க்கவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து அப்பா திருடன் பட்டத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ரோட்டில் விழுந்திருந்தால்? வண்டி மலைக்கு எத்தனை தரம் குலுங்கிக்கொண்டு போய் வந்திருக்கிறது.

"பாரு, அதையும் பாத்துடு" என்றார் முதலாளி.

போல்ட் எல்லாம் துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார்கள். ஒன்று உடைந்தது. மெக்கானிக் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அப்பாவை ஒரு வார்த்தை சொன்னார். அப்பா கீழே படுத்துக் கூடவே கழற்றினார். கியர் பாக்ஸைக் கயிறு கட்டி இறக்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மெக்கானிக் பாக்கெட்டிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். ஓர் ஆளை வெயிலில் பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் காருக்கு அடியில் போய் விழுந்தது. தலையை விட்டு எட்டிப் பார்த்தார். கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"ஒண்ணும் இல்ல. கிரீஸும் மண்ணும் தான் அப்பிக்கெடக்குது."

முதலாளி எழுந்தார்.

அம்மா தட்டியைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது.

அப்பா காருக்கு முன்னால் போனார். ஹேண்டிலைப் போட்டார். "கண்ணாடிய அங்கியே புடி" என்று அந்த ஆளிடம் சொன்னார். மெல்லச் சுற்றினார். கால் சுற்று. அரைச் சுற்று. உள்ளே சக்கரம் திரும்புகிற சத்தம் மட்டும் வந்தது. முக்கால் சுற்றில் எதுவோ உரசியது. அப்புறம் தரையில் டிங் என்று விழுந்தது.

மூட்டைக்கார ஆள் எடுத்தார். கிரீஸைத் துடைத்தார். காசு. ராஜா தலை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ஓரம் பிளேடு மாதிரி ஆகிவிட்டது.

"கூட கருகின துணியும் கெடக்குது. மஞ்சத் துணிங்க" என்றார் அவர். "வேண்டுதல் காசு."

முதலாளி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தட்டிப் பக்கம் பார்த்தார்.

"எவ வச்சது?"

"நான்தாங்க வச்சேன்" என்றார் அப்பா.

மெக்கானிக் நம்பவில்லை. "நீயா? டயருக்கடியில எலுமிச்சம்பழம் வைக்க வந்தவன வெரட்டினவன் நீன்னு உங்க ஆளுங்களே சொன்னாங்களே."

"நான்தான்."

"இன்னாடா வேண்டிக்கின?" என்றார் முதலாளி.

அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் கை தலைமுடிக்குப் போனது.

"மொட்டைங்க."

மூட்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கு முடி என்றால் அப்படி ஓர் ஆசை. எண்ணெய் தடவி, அலை அலையாகப் படிய வாரி, பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார்.

"அப்ப செலுத்திட்டு வந்து வண்டியத் தொடு. பாக்கி வச்சிக்கினு என் வண்டியில ஏறாத." முதலாளி காசை அப்பா கையில் போட்டார். மில்லுக்குள் போனார். ஆயில் பேச்சை எடுக்கவே இல்லை. அப்பா அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். முதலாளி திரும்பி வந்து ஏதோ சொல்லுவார் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. வரவில்லை.

எல்லாம் மாட்டி முடித்து எஞ்சினை ஓட்டினார்கள். சத்தம் இல்லை. மெக்கானிக் போகும்போது, "பல்லுல கேக்கறியாமே. எனக்குத்தான் பல்லு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமிருந்து வந்தது அவ்வளவுதான்.

அம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. எனக்கும் அவள் மேல்தான் கோபம். இந்த மனுஷனைத் திருடனாக்கப் பார்த்தாளே என்று. பத்து வயசில் அவ்வளவுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கச்சிராயபாளையம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மலைக்கு நடந்தோம். அம்மா வேண்டிக்கொண்ட அம்மன் கோயில் மேலே, ஏழெட்டு வளைவு தாண்டி. அப்பா அந்த ரோட்டில் நடந்து போனது அதுதான் முதல் தரம். எப்போதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்துதான் பார்த்திருக்கிறார்.

அம்மா முன்னால் நடந்தாள். ஒரு வளைவில் நின்றாள்.

"ஓரமா போவாதீங்க. இங்க அடியில கல்லு கெடையாது. வெறும் மண்ணக் கொட்டி மேல ஜல்லி தூவச் சொன்னாங்க."

"எம்மாந் தூரத்துக்கு?"

"இந்த வளைவு பூரா. அதுக்கு மேல இன்னும் ரெண்டு எடம் கீது."

அப்பா ஓரத்தில் போய் எட்டிப் பார்த்தார். கீழே மூங்கில் காடு. உள்பக்கமாக ஒதுங்கி நடந்தார்.

மொட்டை போட்டார்கள். முடி மடியில் விழ விழ அப்பா கண்ணை மூடிக்கொண்டார். காசை உண்டியலில் போட்டது அம்மா.

இறங்கும்போது அப்பா கேட்டார். "இன்னா வேண்டிக்கின?"

"சொல்லக் கூடாது."

"மொட்டையே போட்டாச்சி. சொல்லு."

அம்மா கொஞ்ச தூரம் நடந்தாள்.

"இந்த ரோட்டுல ஓடற அந்த வண்டி நம்மள வுட்டுப் போவணும்னு."

அப்பா நின்றுவிட்டார். மொட்டைத் தலையைத் தடவினார். "போவ இருந்துச்சி. நான்தான் பிரிச்சி நல்லாக்கி வுட்டேன்" என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு. அம்மாவுக்கு வரவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா வுட்ருப்பீங்களா?"

அப்பா யோசித்தார். "மாட்டேன்."

"அதான் அந்த அம்மன்கிட்ட சொன்னேன்."

திங்கட்கிழமை காலை முதலாளி மலைக்குக் கிளம்பச் சொல்லியிருந்தார். அப்பா வண்டியைத் துடைத்து நிறுத்தினார். எஞ்சினில் ஆயில் பார்க்கிற கம்பியை உருவிக்கொண்டு நேராக முதலாளி மேஜைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாடா?"

"பாருங்க. கோடு வரைக்கும் கீது."

முதலாளி கம்பியைப் பார்த்தார். மொட்டைத் தலையைப் பார்த்தார். "சரி, அதுக்கின்னா இப்போ?"

அப்பா கம்பியைத் துணியில் துடைத்து மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் வண்டிச் சாவியை வைத்தார்.

மத்தியானத்துக்குள் சாமான்களைக் கட்டிவிட்டோம். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பானை, பாய். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் நின்றன. ஒன்று கச்சிராயபாளையம், மலையடிவாரத்தில் அம்மா வீட்டு ஆட்கள் இருக்கிற ஊர். இன்னொன்று உளுந்தூர்பேட்டை, எங்களுக்கு யாருமே இல்லாத ஊர். அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"நீ சொல்லு. எங்க?"

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மாவும் கேட்டதில்லை போல. பானையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"மலை இல்லாத பக்கமா பாருங்க" என்றாள்.